அபேட்சகரைத் தெரிவு செய்பவர் யார்?

(கல்முனையில் சட்டத்தரணிகள், ஆசிரியர்கள், வைத்தியர்கள், விவசாயிகள் ஆகியோர் கூடிய பொதுக்கூட்டம் ஒன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் முழு வடிவம்.)



வாக்குரிமையின் பெருமையைப் பேசாத மேடை இந்நாட்டில் இல்லை. டொனமூர் அரசியற்றிட்டத்தின் கீழ் 1931ஆம் ஆண்டு ஆண், பெண் இருபாலாருக்கும் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. அன்று தொட்டு ஒவ்வொரு தேர்தலிலும் "மக்களே எசமானர்கள்" என்று நமக்குச் சொல்லப்பட்டு வருகின்றது. நாமும் அதைக் கேட்டு மகிழ்ந்து, வரிசையில் நின்று, விரலில் மையிட்டுக்கொண்டு வீடு திரும்புகின்றோம். ஆனால் எசமானரின் முன்னே நீட்டப்படும் பட்டியலை எழுதியவர் யார் என்ற கேள்வியை நாம் கேட்பதில்லை. பத்துப் பெயரை வேறொருவர் எழுதிவைத்து, "இவற்றுள் மூன்றைத் தொட்டுக்காட்டு" என்று சொன்னால், அங்கே தெரிவு செய்தவர் தொட்டுக்காட்டியவரா, எழுதிவைத்தவரா? முன்னோர் அபேட்சகர் என்றும் இக்காலத்தார் வேட்பாளர் என்றும் அழைக்கும் அந்த மனிதரை உண்மையில் தெரிவு செய்பவர் யார் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

ஓர் இரவின் கதை

பிறரைக் குறைகூறுமுன் நமது குறையைச் சொல்லிவிடுவது முறை. பல ஆண்டுகளுக்கு முன் நடந்த பொதுத்தேர்தல் ஒன்றில், நியமனப் பத்திரங்களைக் கையளிக்க வேண்டிய கடைசி நாளுக்கு முந்திய இரவு அது. கட்சியின் பெயர் வேண்டியதில்லை. எக்கட்சியின் பெயரை இட்டாலும் கதை பொருந்தும். கொழும்பில் ஒரு வீட்டின் மேல்மாடியில் அக்கட்சியின் சட்ட ஆலோசகராக நாம் அமர்ந்திருந்தோம். திகாமடுல்ல தேர்தல் மாவட்டத்துக்கு ஆசனங்கள் 7. ஆசனங்களிலும் பார்க்க 3 பெயர் கூடுதலாக, மொத்தம் 10 பெயர்கள் பத்திரத்தில் இடம்பெற வேண்டும். ஒன்பது எழுதப்பட்டுவிட்டன. பத்தாவது பெயர், கரையோர ஊரொன்றின் விவசாயிகள் மூன்று கூட்டங்கள் கூடி, ஏகமனதாகத் தீர்மானித்து, எழுத்தில் அனுப்பிவைத்த பெயர்.

நள்ளிரவுக்குப் பின் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அப்பெயர் வெட்டப்பட்டது. நாமும் நம்முடன் இருந்தோரும் அதுவரை கேள்விப்பட்டிராத வேறொரு பெயர் எழுதப்பட்டது. செயலாளர் கையொப்பமிட்டார். செயலாளரின் கையொப்பத்தைச் சமாதான நீதவான் ஒருவரோ நொத்தாரிசு ஒருவரோ அத்தாட்சிப்படுத்த வேண்டும் என்பது சட்டம். அன்று நொத்தாரிசாக இருந்து அத்தாட்சியிட்ட கை, இதோ, நமது கை.

சில நாள் கழித்து அந்தப் பத்தாவது பெயருக்குரியவர் நம்மைச் சந்தித்தார். ஏசவில்லை. "லோயர் தம்பி, ஊர் சொன்ன பேரை வெட்டினது ஆர்?" என்று கேட்டார். "கட்சி வெட்டியது, காக்கா" என்றோம். "கட்சி எண்டா ஆர்? நானும் கட்சிதானே?" என்றார். சட்டக் கல்லூரியில் கற்ற எந்தப் பாடத்திலும் அக்கேள்விக்கு விடை இருக்கவில்லை. இன்றைய பேச்சு அவருக்கு நாம் காலந்தாழ்த்திச் சொல்லும் விடை என்று கொள்ளுங்கள்.

இரண்டு பூட்டுகள்

வாக்காளரின் கதவில் இரண்டு பூட்டுகள் தொங்குகின்றன. முதற்பூட்டு நியமனப் பத்திரம். 1981ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டத்தின்படி, அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் பட்டியலுக்கு அதிகாரம் அளிப்பது செயலாளரின் கையொப்பம். ஊரின் சம்மதம் வேண்டும் என்றோ, கிளைச் சங்கத்தின் வாக்கெடுப்பு வேண்டும் என்றோ சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. அவர் எழுதினால் பெயர், எழுதாவிட்டால் இல்லை.

இரண்டாவது பூட்டு வாக்குச்சீட்டிலேயே உள்ளது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொணர்ந்தது. 1988இல் நிறைவேறிய பதினான்காவது திருத்தம் மூன்று விருப்பு வாக்குகளைத் தந்தது. 1989 பெப்ரவரியில் நடந்த பொதுத்தேர்தலில் அவை முதன்முறையாகப் பயன்பட்டன. ஆனால் 99ஆம் உறுப்புரையை வாசித்துப் பாருங்கள். அம்மூன்று விருப்புகளையும் ஒரே கட்சியின் அல்லது ஒரே சுயேச்சைக் குழுவின் வேட்பாளர்களுக்கே அளித்தல் வேண்டும். நிந்தவூர் விவசாயி ஒருவர் ஒரு கட்சியில் ஒரு நல்ல மனிதரையும், இன்னொரு கட்சியில் இன்னொரு நல்ல மனிதரையும் காண்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். இருவரில் ஒருவரை அவர் கைவிட்டே ஆக வேண்டும்.

இதில் ஒரு விந்தையும் உண்டு. நாட்டின் ஜனாதிபதியைத் தெரிவு செய்யும்போது இதே விவசாயி முதல் விருப்பை ஒரு கட்சியாருக்கும், இரண்டாம் விருப்பை மற்றொரு கட்சியாருக்கும், மூன்றாம் விருப்பை வேறொருவருக்கும் அளிக்கலாம். 2024 செப்டெம்பர் 21ஆம் திகதி நடந்த தேர்தலில் எவருக்கும் பாதிக்கு மேல் வாக்குக் கிடைக்கவில்லை. அநுர குமார திசாநாயக்கவுக்கு நூற்றுக்கு 42.31, சஜித் பிரேமதாசவுக்கு 32.76. வரலாற்றில் முதன்முறையாக அவ்விருப்புகள் எண்ணப்பட்டன. நாடு கவிழ்ந்துவிடவில்லை. நாட்டின் தலைவரைக் கட்சி எல்லை கடந்து தெரிவு செய்யத் தகுதி பெற்ற வாக்காளர், தம் மாவட்டத்து அங்கத்தவரை அவ்வாறு தெரிவு செய்யத் தகுதியற்றவர் ஆனது எவ்வாறு?

கரையோரத்தின் அநுபவம்

இப்பூட்டுகள் வருமுன் எல்லாம் பொன்னாக இருந்தது என்று நாம் கூறவரவில்லை. 1956இல் கல்முனையில் கேட் முதலியார் எம். எஸ். காரியப்பரும், பொத்துவிலில் எம். எம். முஸ்தபாவும் தமிழரசுக் கட்சியின் சார்பில் வென்றனர். பின்னர் இருவரும் அரசாங்கத் தரப்புக்குச் சென்றனர். 1977இல் பொத்துவில் இரட்டை அங்கத்தவர் தொகுதியாயிற்று. இரு சமூகங்களும் கலந்து வாழும் தொகுதியில் இருவருக்கும் இடம் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். வாக்காளருக்கு இரண்டு வாக்குகள். ஒன்றை ஒரு கட்சியாருக்கும் மற்றதை வேறு கட்சியாருக்கும் அளிக்கத் தடையில்லை. கட்சி எல்லை கடந்த தெரிவு நம் மண்ணுக்குப் புதிதன்று என்பதற்கு அதுவே சாட்சி. ஐக்கிய தேசியக் கட்சியின் ஜலால்தீனும், தமிழர் விடுதலைக் கூட்டணியின் கனகரத்தினமும் தெரிவாயினர். அவ்வாண்டு முடியுமுன் கனகரத்தினம் ஆளுங்கட்சியிற் சேர்ந்தார்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2020 அக்டோபரில் அரசியலமைப்பின் இருபதாவது திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தபோது, எதிரணிப் பட்டியல்களில் தெரிவான முஸ்லிம் பிரதிநிதிகள் சிலர் அதை ஆதரித்துக் கையுயர்த்தினர். கொரோனாவால் இறந்த நம்மவர்களின் ஜனாஸாக்களை எரித்துக்கொண்டிருந்த காலம் அது. அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது 2021 பெப்ரவரி இறுதியிலேயே. அவர்கள் செய்தது சரியா, பிழையா என்பது இன்றைய பொருளன்று. அவர்களுக்கும் நியாயங்கள் இருக்கலாம். ஆனால் அந்நியாயங்களை ஊருக்கு வந்து, ஊர் முன்னே நின்று சொல்ல வேண்டிய கட்டாயம் ஏதும் அவர்களுக்கு இருந்ததா? தம் பெயரை அடுத்த முறை பட்டியலில் எழுதப்போகும் கை எங்கே இருக்கின்றதோ, அங்கேதான் பிரதிநிதியின் கண்ணும் இருக்கும். அந்தக் கை கொழும்பில் இருந்தால் கண்ணும் கொழும்பை நோக்கும். இது மனித இயல்பு. இதற்காக மனிதரைத் திட்டிப் பயனில்லை. கையை இடம் மாற்ற வேண்டும்.

வட்டையில் உள்ள நீதி

எங்கே மாற்றுவது என்பதை விவசாயிகளுக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. அவர்களிடமிருந்தே நாம் கற்க வேண்டும். பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன்னே ஆரம்பக் கூட்டம் கூடுகின்றது. எந்நாளில் தண்ணீர் திறப்பது, எந்நாளுக்குள் விதைப்பது, எப்போது மாடுகளை வயலை விட்டு அகற்றுவது என்பன அங்கே முடிவாகின்றன. வட்டைக்கு ஒரு வட்டவிதானையும் வேண்டும். அவரைத் தெரியும்போது "நீ எந்தக் கட்சி?" என்று யாரும் கேட்பதில்லை. அந்த வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகின்றவர் எவரோ அவருக்கெல்லாம் பேச உரிமை உண்டு. பத்து ஏக்கர் போடியாரும், குத்தகைக்கு இரண்டு ஏக்கர் செய்பவரும் ஒரே மடையை நம்பி வாழ்கின்றனர். வட்டவிதானை தமது கூலியை அவ்வயற்காரரிடமே நெல்லாகப் பெறுகின்றார். மடையை ஒருவருக்குச் சாதகமாகத் திறந்தால் அடுத்த போகம் அவர் விதானை அல்லர்.

நாம் முன்னே சொன்ன காக்கா இன்று ஒரு வட்டையின் விதானை. கட்சி வெட்டிய பெயரை வட்டை எழுதிக்கொண்டது.

பள்ளிவாசல் நிருவாகத்திலும் நமது முன்னோர் குடிக்கு ஒரு மரைக்காயர் என்று வைத்தனர். அக்குடியினர் ஏற்றவரே மரைக்காயர். வெளியூரிலிருந்து எவரும் எழுதி அனுப்பியதில்லை. மடைக்கும் பள்ளிவாசலுக்கும் நாம் கடைப்பிடிக்கும் இந்த நீதியைப் பாராளுமன்றத்துக்கு மட்டும் மறந்துவிட்டோம்.

அமெரிக்கா காட்டும் வழியும் பள்ளமும்

வேட்பாளரை வாக்காளரே முன்கூட்டித் தெரிந்தெடுக்கும் முறை ஐக்கிய அமெரிக்காவில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வழங்குகின்றது. இதை முன்தெரிவுத் தேர்தல் என்போம். சில மாநிலங்களில் அந்தந்தக் கட்சியில் பதிந்தவர் மட்டுமே அந்தந்தக் கட்சியின் முன்தெரிவில் வாக்களிக்கலாம். வேறு சில மாநிலங்கள் கதவை அகலத் திறந்தன. வாஷிங்டன் மாநிலம் 1935ஆம் ஆண்டிலேயே எல்லாக் கட்சியினரின் பெயரையும் ஒரே சீட்டில் அச்சிட்டு, ஒவ்வொரு பதவிக்கும் எக்கட்சியாரையேனும் தெரியலாம் என்று விதித்தது. கலிபோர்னியா மக்கள் 1996இல் வாக்களித்து அதே முறையை ஏற்றனர்.

கட்சிகள் வழக்குத் தொடுத்தன. 2000ஆம் ஆண்டு அந்நாட்டு உயர் நீதிமன்றம் 7 நீதியரசர்களுக்கு 2 என்ற பெரும்பான்மையால் கலிபோர்னியாவின் முறையைச் செல்லாததாக்கியது. ஒரு கட்சியின் கொள்கைக்குப் பகையானவர்களும் அக்கட்சியின் வேட்பாளரைத் தெரியுமாறு அரசு கட்டாயப்படுத்துவது, மனிதர் கூடி இயங்கும் சுதந்திரத்தைப் பறிப்பதாகும் என்பது தீர்ப்பின் சாரம். அவ்வாதத்தை நாம் இலகுவாகத் தள்ளிவிட முடியாது. மாப்பிள்ளை பார்க்கும் வீட்டில் ஊரார் வந்து ஆலோசனை சொல்லலாம். நமக்குத் தீங்கு நினைப்பவரும் வந்து மாப்பிள்ளையை முடிவுசெய்வது என்றால் அவ்வீட்டார் எவ்வாறு பொறுப்பர்?

பின்னர் 2010இல் கலிபோர்னியா வேறொரு வழியை மேற்கொண்டது. முன்தெரிவில் எல்லோரும் ஒரே சீட்டில் நிற்பர். எக்கட்சியாராயினும் முதல் இருவரே இறுதித் தேர்தலுக்குச் செல்வர். 2012இல் அங்கே 31ஆவது மாவட்டத்தில் நடந்ததைக் கேளுங்கள். அது ஜனநாயகக் கட்சிக்கு ஆதரவு மிகுந்த இடம். அவ்வாண்டு நவம்பரில் அம்மாவட்டத்து மக்கள் ஒபாமாவையே ஆதரித்தனர். ஆனால் முன்தெரிவில் ஜனநாயகக் கட்சியினர் நால்வர் நின்று வாக்கைப் பிரித்துக்கொண்டனர். குடியரசுக் கட்சியினர் இருவர் முதல் இரண்டு இடங்களையும் பெற்றனர். இறுதித் தேர்தலில் அம்மாவட்டத்துப் பெரும்பான்மையோருக்குத் தம் கட்சியில் ஒரு பெயரும் இல்லை.

நமது மாவட்டத்துக்கு எது பொருந்தும்?

இக்கதை தொலைதூரத்துக் கதையன்று. 2020 ஆகஸ்டில் நமது மாவட்டத்திலேயே நடந்தது. அம்பாறைத் தமிழ் மக்களின் வாக்குகள் இரண்டு பட்டியல்களுக்கிடையே பிரிந்தன. ஒன்றுக்கு 29,000க்கு மேல், மற்றதற்கு 25,000க்கு மேல். இரண்டும் ஒன்றாக நின்றிருந்தால் ஓர் ஆசனம் உறுதி. பிரிந்தமையால் மாவட்டத்தின் ஏழு ஆசனங்களில் தமிழ் மக்களுக்கு ஒன்றும் இல்லை. தேசியப் பட்டியல் வழியாகவே ஒருவர் செல்ல நேர்ந்தது. முஸ்லிம் ஊர்களும் இதில் பெருமைப்பட இடமில்லை. சம்மாந்துறை ஒருபுறம், சாய்ந்தமருது ஒருபுறம், அக்கரைப்பற்று ஒருபுறம், பொத்துவில் ஒருபுறம் என்று ஒரே பட்டியலுக்குள் விருப்பு வாக்குக்காக நாம் ஒருவரை ஒருவர் இழுப்பதை ஒவ்வொரு தேர்தலிலும் கண்டு வருகின்றோம்.

2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கின்படி இம்மாவட்டத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 43 பேர் முஸ்லிம்கள், 39 பேர் சிங்களவர், 17 பேர் தமிழர். இத்தகைய மாவட்டத்தில் "முதல் இருவர்" முறையைக் கொணர்ந்தால் 17க்கு உரியவர் முற்றாக அழிவர். 43க்கு உரியவரும் ஊருக்கு ஒருவராகப் பிரிந்து நின்றால் அழிவர். ஆதலால் கலிபோர்னியாவின் இரண்டாவது வழி நமக்கு ஆகாது என்பதை ஐயமின்றிக் கூறுகின்றோம். விகிதாசாரப் பிரதிநிதித்துவம் சிறுபான்மையோரின் கேடயம். வெட்டுப்புள்ளியை நூற்றுக்கு பன்னிரண்டரையிலிருந்து 5க்குக் குறைத்த 1988ஆம் ஆண்டின் பதினைந்தாவது திருத்தத்துக்காக, சம்மாந்துறையிற் பிறந்து கல்முனையில் வழக்கறிஞராக வாழ்ந்த மர்ஹூம் எம். எச். எம். அஷ்ரப் எவ்வளவு உழைத்தார் என்பதை இவ்வூருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அக்கேடயத்தை விட்டெறியாமல் பூட்டை மட்டும் திறப்பது எப்படி என்பதே நமது பிரச்சினை.

மூன்று கோரிக்கைகள்

முதலாவது, ஊர் முன்தெரிவு. இதற்குச் சட்டம் எதுவும் மாற வேண்டியதில்லை. நம் ஊர்களில் வாக்குக் கேட்கும் ஒவ்வொரு கட்சியும், ஓர் ஊருக்கு ஓர் இடம் ஒதுக்குவதாயின், அவ்விடத்துக்குத் தனக்கு ஏற்புடைய குறைந்தது மூவரை முன்வைக்கட்டும். எல்லாக் கட்சிகளின் பெயர்களும் ஒரே சீட்டில் அச்சிடப்படட்டும். வாக்காளர் இடாப்பில் பெயருள்ள எவரும், கட்சி அங்கத்தவராயினும் அல்லாவிடினும், இரகசியமாக மூன்று பெயர்களுக்கு அடையாளமிடட்டும். மூன்றும் ஒரே கட்சியில் இருக்க வேண்டும் என்ற விதி வேண்டாம். ஒவ்வொரு கட்சியிலும் கூடுதல் வாக்குப் பெற்றவரே அக்கட்சியின் ஊர் வேட்பாளர். கட்சி தன் வாசலைக் காத்துக்கொள்கின்றது; தனக்கு ஒவ்வாதவர் உள்ளே வரமாட்டார். வாசலுக்குள் வந்த மூவரில் ஒருவரை ஊர் தெரிகின்றது. கட்சியின் சுதந்திரமும் கெடவில்லை, ஊரின் உரிமையும் கெடவில்லை. அமெரிக்க நீதியரசர்கள் கண்ட குறை கட்டாயத்தில் இருந்தது. நாம் கேட்பது கட்சிகளின் இணக்கத்தை.

இரண்டாவது, சட்டத் திருத்தம். 99ஆம் உறுப்புரையை மாற்றி, மூன்று விருப்புகளையும் கட்சி எல்லை கடந்து அளிக்க இடந்தர வேண்டும். சுவிட்சர்லாந்தில் நீண்ட காலமாக இவ்வழக்கம் உண்டு. அங்கே ஒரு கட்சியின் பட்டியலில் மற்றொரு கட்சி வேட்பாளரின் பெயரை எழுதலாம். ஆனால் எழுதியவரின் வாக்கில் அப்பங்கு அந்த மற்றக் கட்சியின் கணக்கிற் சேரும். நாமும் அவ்வாறே ஒரு வாக்கை மூன்று பங்காக்கி, ஒவ்வொரு பங்கும் வேட்பாளருடன் அவரது கட்சிக்கும் போகுமாறு செய்யலாம். கல்முனையிலுள்ள தமிழ் ஆசிரியர் ஒருவர் இரண்டு பங்கைத் தம் பட்டியலுக்கும், ஒரு பங்கைத் தாம் நம்பும் முஸ்லிம் வேட்பாளருக்கும் அளிக்கலாம். மருதமுனை நெசவாளரும் அவ்வாறே செய்யலாம். இரு சமூகத்தின் வாக்கையும் நாடும் வேட்பாளர் இரு சமூகத்தையும் ஏசிப் பேச அஞ்சுவார். ஆசனங்களோ இன்று போலவே விகிதப்படி பகிரப்படும்.

மூன்றாவது, உள்ளூராட்சி மன்றங்கள். 2017ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின், அங்கத்தவர்களில் நூற்றுக்கு 60 பேர் வட்டாரத்தில் தெரிவாகின்றனர். எஞ்சிய 40 பேரின் பெயரைத் தேர்தல் முடிந்த பின்னர் செயலாளர் எழுதிக் கொடுக்கின்றார். வாக்களித்த பின்னரே யாருக்கு வாக்களித்தோம் என்று அறியும் விநோதம் இது. அப்பட்டியலின் வரிசை வாக்கெடுப்புக்கு முன்னரே ஒழுங்காக வெளியிடப்பட வேண்டும். வெளியிட்ட வரிசை பின்னர் மாறலாகாது. 2018இல் சாய்ந்தமருது மக்கள் தம் ஊரின் கோரிக்கைக்காகக் கட்சிகளை ஒதுக்கி, தோடம்பழச் சின்னத்தில் நின்ற சுயேச்சைக் குழுவுக்குத் தம் வட்டாரங்களைக் கொடுத்தனர். அக்கோரிக்கையில் கல்முனையின் பிற பகுதியார் மாறுபடலாம். ஆயினும் ஊரின் குரலைக் கட்சிகள் கேளாவிட்டால், ஊர் கட்சிகளுக்கு வெளியே தன் வேட்பாளரைத் தேடும் என்ற பாடம் எல்லோருக்கும் பொதுவானது.

ஆட்சேபங்களும் விடைகளும்

"எதிர்க்கட்சிக்காரர் வந்து வேண்டுமென்றே பலவீனமானவரைத் தெரிந்துவிடுவர்" என்பர். அவருக்கு இருப்பவை மூன்று அடையாளங்கள். அவற்றை நம் வீட்டைக் கெடுக்கச் செலவிட்டால் தம் வீட்டுக்கு வேண்டியவரைத் தெரிய அவரிடம் ஒன்றும் மிஞ்சாது. சட்டத் திருத்தம் வந்தாலோ தம் வாக்கின் ஒரு பங்கையே அவர் நம் கட்சிக்கு இழந்தாக வேண்டும். வஞ்சனைக்கும் ஒரு விலை வைத்தால் வாங்குவோர் குறைவர்.

"இது ஊர்ச் சண்டையை வளர்க்கும்" என்பர். சண்டை இப்போதும் இருக்கின்றது. ஆனால் தேர்தல் முடிந்து எண்ணிய பின்னரே அதன் கணக்குத் தெரிகின்றது. முன்தெரிவின் எண்ணிக்கை நியமனத் தினத்துக்கு ஒரு மாதம் முன்னரே கையில் இருந்தால், எந்த ஊர் எந்த ஊருக்கு விட்டுக்கொடுப்பது, எந்த இரு பட்டியல்கள் ஒன்றாவது என்று பேசித்தீர்க்க அவகாசம் கிடைக்கும். 2020இல் அம்பாறைத் தமிழருக்கு இல்லாமற் போனது அந்த அவகாசமே.

"பெண்கள் வருவார்களா?" என்பது நல்ல கேள்வி. மூன்று பெரியவர்கள் பள்ளிவாசல் திண்ணையிலோ கட்சிக் காரியாலயத்திலோ கூடிக் கைதூக்கினால் பெண்கள் வரமாட்டார்கள். அது முன்தெரிவும் ஆகாது. பொது மண்டபத்திலோ கூட்டுறவுச் சங்கக் கட்டிடத்திலோ வாக்குப்பெட்டி வைக்க வேண்டும். சீட்டு இரகசியமாக வேண்டும். பெண்களுக்குத் தனி வரிசையும், எண்ணும் மேசையில் பெண்களும் வேண்டும். வாக்காளரில் ஏறத்தாழப் பாதிப்பேர் அவர்கள். அவர்களை விட்டுவிட்டு ஊர் என்று சொல்வது பொய்ச்சாட்சி.

"பணக்காரர் வாக்கை வாங்கிவிடுவர்" என்பர். ஆயிரக்கணக்கானோரின் வாக்கை வாங்குவது எளிதா, ஒரு செயலாளரின் மனத்தை வாங்குவது எளிதா? இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

"செயலாளர் ஊரின் தீர்ப்பை மீறினால் எந்த நீதிமன்றம் கேட்கும்?" என்று நம் தொழிலைச் சேர்ந்த நண்பர்கள் வினவுவர். உண்மையைச் சொன்னால், இன்றைய சட்டத்தில் எந்த நீதிமன்றமும் கேளாது. ஆனால் எண்ணிக்கை பகிரங்கமாயிருக்கும். ஊர் எழுதிய பெயரை வெட்டிவிட்டு அதே ஊருக்கு வாக்குக் கேட்டு வருவதற்கு மிகுந்த தைரியம் வேண்டும். ஆரம்பக் கூட்டத்தின் முடிவை மீறி மடை திறப்பவரை வட்டை எவ்வாறு நடத்துமோ அவ்வாறு ஊர் நடத்தும்.

செய்ய வேண்டியவை

கிழக்கு மாகாண சபைக்கு 2012 செப்டெம்பரில் நடந்த தேர்தலுக்குப் பின், பத்தாண்டுகளுக்கு மேலாகத் தேர்தல் நடைபெறவில்லை. 2025 மே 6ஆம் திகதி நாடெங்கும் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோது, வழக்கின் காரணமாகக் கல்முனை மாநகர சபைக்குத் தேர்தல் நடைபெறவில்லை. தாமதம் நமக்கு இழப்பே. ஆயினும் ஆயத்தம் செய்ய அதில் ஓர் அவகாசம் உண்டு. அடுத்து வரும் நியமன அறிவித்தலுக்கு முன்னே முதல் முன்தெரிவை ஏதேனும் ஓர் ஊரில், ஒரே ஒரு வட்டாரத்திலேனும் நடத்திக் காட்டுவோம்.

விவசாயிகளிடம் நாம் கேட்பது ஒன்று. அறுவடைக் காலத்தில் களத்துக்கு வந்து கைகுலுக்கும் ஒவ்வொரு கட்சிக்காரரிடமும் "எங்கள் ஊருக்கு மூன்று பெயர் தருவீர்களா, நாங்கள் ஒன்றைத் தெரிய விடுவீர்களா?" என்று கேளுங்கள். உர மானியத்தையும் நெல்லின் விலையையும் பற்றிய வாக்குறுதிகளை அதன் பின்னர் கேட்கலாம். ஆசிரியர்களிடமும் உத்தியோகத்தர்களிடமும் கேட்பது, எண்ணும் மேசைக்கு உங்கள் நேர்மையை இரவல் தாருங்கள் என்பது. கட்சித் தொண்டர்களிடம் கேட்பது, அந்தக் காக்காவின் கேள்வியை உங்கள் தலைமைக் காரியாலயத்தில் ஒருமுறை கேளுங்கள் என்பது: கட்சி என்றால் யார்?

நம்மைப் பொறுத்தவரை ஒரு முடிவை இச்சபையின் முன் அறிவிக்கின்றோம். ஊர் அறியாத பெயர்களைக் கொண்ட எந்த நியமனப் பத்திரத்திலும் இனி நாம் அத்தாட்சியிடுவதில்லை. கொழும்பில் நொத்தாரிசுகளுக்குப் பஞ்சமில்லை என்பதை அறிவோம்; நமது மறுப்பால் எந்தப் பத்திரமும் நின்றுவிடப் போவதில்லை. ஆயினும் இம்மாவட்டத்துச் சட்டத்தரணிகள் பத்துப்பேர், இருபதுபேர் இவ்வாறு சொன்னால் அதற்கும் ஒரு கனம் உண்டு. இங்கு வந்திருக்கும் தொழில் நண்பர்களை அதற்கு அழைக்கின்றோம். ஊர் எழுதிய பட்டியல் ஒன்று வரும் நாளில் நமது முத்திரையை மகிழ்ச்சியோடு எடுத்துவருவோம். அதுவரை அது மேசை அறையில் கிடக்கட்டும்.